கூமுட்டை சின்ன வார்த்தை இல்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அறிவில்லாதவன் என்று திட்டும் சொற்கள் விளையாட்டா, வடுவா என்பது தலைப்பு. லூசு, மக்கு, டியூப்லைட் எல்லாம் செல்லத் திட்டுதானே என்றார் எதிரணி நண்பர். வடு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

டியூப்லைட்டை அவருக்கே விட்டுவிடுகிறேன். சோக் வைத்த அந்தப் பழைய விளக்கு இரண்டு தடவை சிமிட்டினாலும் கடைசியில் எரிந்துவிடும். கூமுட்டைக்கு அந்த நம்பிக்கை உண்டா? கூழ்முட்டைதான் கூமுட்டை ஆனது. கோழி 21 நாள் அடைகாத்தும் பொரிக்காமல் உள்ளே கூழாகிப் போன முட்டை. கணக்கு வராத பையனை அப்படிக் கூப்பிட்டால், உன்னிடமிருந்து இனி ஒன்றும் வராது என்றுதானே அர்த்தம்? நான் ஏழாவது படித்தபோது கடைசி வரிசைக்கு ‘மக்கு பெஞ்சு’ என்றே பெயர். என் பக்கத்து வீட்டுத் தோழனை அங்கே மாற்றினார்கள். அதற்கப்புறம், விடை தெரிந்த கேள்விக்குக்கூட அவன் கை தூக்கவில்லை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். பழந்தமிழில் மடையன் என்றால் சமையல்காரர். கோயில் மடைப்பள்ளியில் அந்த மடை இன்னும் இருக்கிறது. இன்று எந்தச் சமையல்காரரையாவது அப்படி அழைக்க முடியுமா? இடியட் என்கிறோமே, அதன் கிரேக்க மூலத்துக்குப் பதவி எதுவும் இல்லாத சாதாரண மனிதர் என்றுதான் பொருள். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் அயோடின் குறைவால் வளர்ச்சி குன்றியவர்களைக் கிரெட்டின் என்றார்கள். கிறிஸ்தவர் என்ற சொல்லின் வட்டார வடிவம் அது. இவரும் நம்மைப் போல மனிதர்தான் என்ற இரக்கத்தில் பிறந்த பெயர். அதையும் வசையாக்கிவிட்டார்கள்.

வீட்டில் செல்லமாகச் சொல்வதில்லையா என்று நண்பர் கேட்டார். சரி, திருப்பிச் சொல்ல முடிகிற இடத்தில் அது விளையாட்டுதான். ஆசிரியரிடம் மாணவன் திருப்பிச் சொல்வானா?

மேலே இருப்பவர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1910-ல் ஹென்றி காடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘மோரான்’ என்ற பெயரை உருவாக்கினார். மனவயது, அதாவது அறிவு வளர்ச்சி எந்த வயதுப் பிள்ளைக்கு ஈடு என்ற கணக்கு, 2 வரை என்றால் இடியட், 3 முதல் 7 வரை இம்பெசைல், 8 முதல் 12 வரை மோரான். மனிதரைத் தரம் பிரிக்கும் பட்டியல் அது. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணை அப்படித்தான் தரம் பிரித்தார்கள். அவருடைய தாயையும், கைக்குழந்தை விவியனையும் அறிவு குறைந்தவர்கள் என்றார்கள். 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், “மூன்று தலைமுறை இம்பெசைல்கள் போதும்” என்று எழுதி, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தப் பக்கம். அதே ஆண்டு அறுவை சிகிச்சையும் நடந்தது.

அந்த விவியன் பள்ளிக்கூடம் போனாள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. 1932-ல், எட்டு வயதில் இறந்துபோனாள். நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகும் இது வெறும் வார்த்தைதான் என்று தோன்றினால், தீர்ப்பை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள்.