சட்டமூலம் சட்டமாகும் முன்னர்

வணக்கம் நேயர்களே.

2024இல் இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, வந்தது. மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ஜனாதிபதியே அதைச் சொன்னார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஜனாதிபதி சொன்னதைக் கோர்ட்டில் நிறுத்த முடியுமா என்று லயத்துக்கு லயம் கேள்வி.

முடியும். சட்டம் இயற்றுவது பாராளுமன்றம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில்தான் அமைச்சர் வர்த்தமானி வெளியிடுகிறார். எல்லை மீறினாரா என்று பார்ப்பது நீதிமன்றம். அந்தத் தடை நமக்கு வலித்தது. ஆனாலும் 2018இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னது இதே அதிகாரத்தால்தான். அதை இழக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் நீதிமன்றம் எப்போதும் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. மலைநாட்டுத் தமிழரான நமக்கு அது பட்டறிவு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது; நம்மவரில் பெரும்பாலோர் பிரஜை அல்லாதவர் ஆனார்கள். 1949இல் பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றானது. ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்டு கோடகன் பிள்ளை வழக்காடினார். ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தை அன்றிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதுதான் அவருடைய வாதம். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி ஏற்றார். உயர் நீதிமன்றம் மறுத்தது. 1953இல், அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சிலும் மறுத்தது: யார் பிரஜை என்று வகுப்பது பாராளுமன்றத்தின் உரிமையாம். சட்டத்தின் வாசகத்தில் நம் பெயர் இல்லைதான். விழுந்த அடி யார் மேல் என்று ஊருக்கே தெரியும். 1952 தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை.

அன்று சட்டம் வந்த பிறகாவது வழக்காட வழி இருந்தது. இன்றைய 1978 அரசியலமைப்பில் அதுவும் இல்லை. சபாநாயகர் சான்றுரைத்த சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. சட்டமூலமாக, அதாவது பாராளுமன்றம் இன்னும் நிறைவேற்றாத வரைவாக இருக்கும்போதே, குறுகிய காலத்துக்குள், உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். எந்தப் பிரஜையும் செய்யலாம். நாமும் இன்று பிரஜைகள். சட்டமூலங்கள் வர்த்தமானியில் தமிழிலும் வெளியாகின்றன. சந்தாப் பணம் வாங்கும் ஒவ்வொரு தொழிற்சங்கத்திலும் அவற்றை வாசிக்கவென்றே ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் தோட்டத் தலைவரிடம் கேளுங்கள்: நம் சங்கத்தில் அந்த வேலை யாருடையது?