குச்சிக்கிழங்கைக் குக்கரில் வைக்கலாமா?

ஆத்தூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: ‘குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) குடலுக்கு நல்லது என்கிறார்களே, குக்கரில் வேகவைக்கலாமா? ஜவ்வரிசி சாப்பிட்டாலும் அதே பலன்தானே?’

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதே பலன் கிடையாது அம்மா. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் இந்தக் கிழங்கை அரைத்து மாவுப்பாலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நாரெல்லாம் திப்பியாக மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் குடலுக்கென்றால் முழுக் கிழங்கையே வாங்குங்கள்.

வாங்கும்போது ‘அவித்துச் சாப்பிடும் கிழங்குதானா?’ என்று கேளுங்கள். ஆலைக்குப் போகும் ரகங்களில் சில கசக்கும். வெட்டிப் பார்த்தால் நீலக் கோடு ஓடியிருக்கக் கூடாது. அது பழைய கிழங்கு.

இப்போது குக்கர். வேண்டாம் என்பேன். இந்தக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இயல்பாகவே இருக்கிறது, தோலில் அதிகம். அதனால் மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த பட்டையையும் உரித்துவிடுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிடுங்கள். நச்சில் ஒரு பகுதி ஆவியோடு போகும், ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். நன்றாக வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போகிறதே என்று குழம்பில் சேர்த்துவிடாதீர்கள்! நடு நாரை எடுத்துவிடலாம்.

அடுத்து, பலரும் செய்யாமல் விடுவது: ஆறவிடுதல். வெந்த மாவு ஆறும்போது அதில் ஒரு பங்கு இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாவாக மாறுகிறது. அது பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை அதைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள். ஆகவே இரவு அவித்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்துப் புரட்டுங்கள். கொஞ்சம் தேங்காய்த் துருவல், பக்கத்தில் மோர். லேசாகச் சூடு காட்டுவதால் அந்த மாவு கெட்டுவிடாது. எண்ணெயில் பொரிக்கும் சிப்ஸை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் முறை நாலைந்து துண்டு போதும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், சோற்றோடு கூட்டாக வேண்டாம். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் தினமும் சாப்பிட நினைத்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.