நெஞ்சை மூடும் நேரம்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் என் தங்கை திருவல்லிக்கேணியில் வீடு மாறினாள். அறையை அளந்துதான் பீரோவை ஏற்றினோம். பீரோவும் கச்சிதமாக நின்றது. அப்புறம் பார்த்தால் அறைக்கதவைச் சாத்த முடியவில்லை. அளந்தபோது கதவு திறந்திருந்ததே!

செயற்கை இதயம் செய்கிறவர்கள் பட்ட பாடும் இதுதான். அறுவை மேசையில் நெஞ்சு திறந்திருக்கும்போது பம்ப் அழகாக உட்காரும். சிக்கல், மூடும்போது வரும்.

இதயத்துக்காக இடது நுரையீரல் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால் முன்னே நெஞ்செலும்பு, பின்னே முதுகெலும்பு. இரண்டும் ஒதுங்காது. நெஞ்செலும்பை இழுத்துக் கட்டியதும் பம்ப் பின்னால் தள்ளப்படும். அங்கே இருப்பவை இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரையும் நுரையீரல் சிரைகளும். தமனி என்றால் தடித்த சுவர், தாங்கும். சிரை ஈரத்துணி மாதிரி. உள்ளே அழுத்தமும் குறைவு, லேசாக இடித்தாலே நசுங்கிவிடும். அப்புறம் என்ன? சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடும் கதை. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சில அறுவை மருத்துவர்கள் பம்பை இடப்பக்கம் இழுத்து, தடித்த நூலால் விலா எலும்போடு கட்டிவைக்கிறார்கள். இவ்வளவு நுட்பமான கருவிக்கு, கடைசியில் ஒரு முடிச்சு!

1982 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டாவில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு ஜார்விக்-7 என்ற செயற்கை இதயத்தைப் பொருத்தினார்கள். 112 நாள் இருந்தார். அதன் வழிவந்த சின்கார்டியா இதயத்தில் ஒவ்வொரு அறையும் 70 மில்லி. அதைப் பொருத்தும் முன் சி.டி. ஸ்கேனில் ஓர் அளவு பார்ப்பார்கள்: பத்தாவது மார்பு முள்ளெலும்பிலிருந்து நெஞ்செலும்பு வரை குறைந்தது 10 சென்டிமீட்டர்.

பத்து சென்டிமீட்டர் பெரிய தூரமா என்று கேட்கலாம். என் அம்மா நாலடி பத்து அங்குலம். ஒல்லியான உடம்பு. அவரைப் போன்றவர்களை மனதில் வைத்து அந்தக் கருவி செய்யப்படவில்லை, அவ்வளவுதான். 50 மில்லி அளவு பிறகுதான் வந்தது.

இந்தப் பம்புகள் காற்றால் ஒரு பையை ஊதிச் சுருக்கித்தான் ரத்தத்தைத் தள்ளுகின்றன. அப்படி இருக்கும் வரை பம்ப் ரொம்பச் சிறிதாக முடியாது. ஒரு துடிப்புக்கான ரத்தம் உள்ளே நிற்க இடம் வேண்டும். பைவாக்கர் என்ற கருவியில் பையே இல்லை. காந்தப்புலத்தில் மிதந்தபடி ஒரே ஒரு சக்கரம் சுழல்கிறது, ஒருபக்கம் நுரையீரலுக்கு, மறுபக்கம் உடலுக்கு. 2024 ஜூலையில் ஹூஸ்டனில் முதன்முதலாக ஒரு மனிதருக்குள் வைத்தார்கள். எடை சுமார் 650 கிராம். நம் இதயத்தைப் போல இரண்டு மடங்கு கனம்தான், ஆனால் கதவைச் சாத்த முடிகிறது.