நெட்வொர்க் கார்டை கொன்னது யாரு? 100ஜி டிரைவர் டெஸ்டிங் பத்தி யாரும் சொல்லாத கதை!

2008 செப்டம்பர். லினக்ஸோட இதயம்தான் கெர்னல், அதோட 2.6.27 வெர்ஷன் இன்னும் ரிலீஸ் ஆகலை, டெஸ்ட் வெர்ஷன் மட்டும் சுத்திட்டு இருக்கு. அதை ஆசையா போட்டுப் பாத்தவங்கள்ல சில பேருக்கு மெஷின் ஆன் ஆகுது, நெட்வொர்க் மட்டும் வரல. கேபிளை மாத்துறாங்க, வரல. பழைய கெர்னலுக்கே திரும்பிப் போறாங்க, அப்பவும் வரல. என்னன்னு பாத்தா, மேக் அட்ரஸ்ல இருந்து கார்டோட ஜாதகமே எழுதி வச்சிருக்குற மெமரி மொத்தமா குப்பையாகி கிடக்கு. கார்டு பிரிக், அதாவது வெறும் செங்கல். இன்டெல் கார்டு, டிரைவர் பேரு இ1000இ. எல்லாரும் அந்த டிரைவரை போட்டு வெளுத்தாங்க.

ஆனா கொன்னது டிரைவர் இல்ல. யாருன்னு கடைசில சொல்றேன். இப்பவே ஸ்க்ரோல் பண்ணி ஓடாதீங்க, அனலிடிக்ஸ்ல எல்லாம் தெரியும் எனக்கு.

வணக்கம் மக்களே. இன்னைக்கு சர்வர்ல இருக்குற ஹை ஸ்பீட் நெட்வொர்க் கார்டு, அதோட டிரைவர், அதை எப்படி டெஸ்ட் பண்றது. டிரைவர்னா என்னன்னு அஞ்சு நிமிஷம் எல்லாம் இழுக்க மாட்டேன்: கார்டுக்கும் கெர்னலுக்கும் நடுவுல நிக்குற மொழிபெயர்ப்பாளர், அவ்ளோதான். அடுத்து.

[திரையில் பெரிய எழுத்தில்: 6.72]

இந்த நம்பரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஈதர்நெட்ல இருக்குறதுலயே சின்ன ஃப்ரேம், அதாவது சின்ன பாக்கெட், 64 பைட். அது ஒயர்ல போகும்போது முன்னாடி 8 பைட் பிரீஆம்பிள், பின்னாடி 12 பைட் இடைவெளி, மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். 100 ஜிகாபிட் லைன்ல இதை வகுத்துப் பாருங்க, ஒரு பாக்கெட்டுக்கு 6.72 நானோசெகண்ட். ஒரு செகண்டுக்கு 14 கோடியே 88 லட்சம் பாக்கெட்.

6.72 நானோசெகண்ட்னா எவ்ளோன்னு தோராயமா கூட மனசுல நிக்காதுல்ல? ரூம்ல லைட்டை போடுறீங்க. அந்த வெளிச்சம் இந்த நேரத்துக்குள்ள 2 மீட்டர்தான் போயிருக்கும், சீலிங்ல இருந்து தரையை கூட தொட்டிருக்காது, அதுக்குள்ள அடுத்த பாக்கெட் வாசல்ல வந்து நிக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுல ஒரு கோர் வச்சிருந்தா ஒரு பாக்கெட்டுக்கு 20 சைக்கிள், அதாவது சிபியுவோட 20 துடிப்புதான் கிடைக்கும். ரேம்ல ஒரு தடவை போய் டேட்டா எடுத்துட்டு வரவே சுமார் 100 நானோசெகண்ட் ஆகும்னு வச்சுக்கோங்க, அந்த ஒரு தடவைக்குள்ள 14 பாக்கெட் வந்து வரிசையில நின்னுடும்! எனக்கு இந்த கணக்கை முதல் தடவை போட்டப்ப, இது எப்படிடா வேலை செய்யுதுன்னுதான் தோணுச்சு, டெஸ்ட் பண்றது எல்லாம் அப்புறம்.

எப்படி வேலை செய்யுதுன்னா, கல்யாண பந்தி மாதிரி. நிஜமாவே. இதை நான் ரொம்ப நேரம் பேசப் போறேன், ஏன்னா டிரைவர்ல நாம டெஸ்ட் பண்ற அத்தனை விஷயமும் இந்த பந்திக்குள்ள இருக்கு.

பழைய காலத்து டிரைவர், ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் காலிங் பெல் அடிச்சு சமையல்காரரை கூப்பிடும். அதுதான் இன்டரப்ட். பத்து பேர் வந்தா பரவால்ல. ஆயிரம் பேர் வந்தா? சமையல்காரர் பெல்லுக்கு ஓடிட்டே இருப்பாரு, ஒரு இலைக்கும் சோறு போகாது. இதுக்கு ரிசீவ் லைவ்லாக்னு பேரு, 1996லயே மோகுல், ராமகிருஷ்ணன்னு ரெண்டு பேர் இதை வச்சு பேப்பர் எழுதிட்டாங்க. லினக்ஸ்ல வந்த தீர்வு நாப்பி: முதல் ஆள் வந்ததும் ஒரே ஒரு பெல், அப்புறம் பெல்லை ஆஃப் பண்ணிட்டு, உக்காந்திருக்குறவங்களுக்கு ஒரே மூச்சுல பரிமாறிட்டு வா. ஒரு பந்திக்கு எத்தனை பேர்? வழக்கமா 64. இந்த நம்பர் நிஜம்ங்க, கோடுலயே 64தான்.

இப்ப இலை. பாக்கெட் வந்து உக்கார டிரைவர் முன்கூட்டியே மெமரில இடம் போட்டு வச்சிருக்கும், அதுதான் ஆர்எக்ஸ் ரிங். இலை காலி இல்லன்னா விருந்தாளி வெளிய நிக்க மாட்டாரு, அப்படியே வீட்டுக்கு போயிடுவாரு, அதுதான் பாக்கெட் டிராப். 1024 இலை போட்டு வச்சிருக்கீங்கன்னு வைங்க, கூட்டம் முழுக்க ஒரே வரிசைக்கு வந்தா அது நிறைய 6.9 மைக்ரோசெகண்ட் போதும். இந்த நேரத்துல பரிமாறுறவர் கண் அசந்துட்டா? அதாவது கரண்டை மிச்சம் பண்றேன்னு சிபியு கோர் ஆழ்ந்த தூக்கத்துக்கு போயிட்டா? இன்டெல்லோட சர்வர் சிபியுவான ஜியான்ல சிலதுல அந்த தூக்கத்துல இருந்து எந்திரிக்கவே 100 மைக்ரோசெகண்டுக்கு மேல ஆகும். அவர் எந்திரிச்சு வேட்டியை கட்டிட்டு வர்றதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிருக்கும். டெஸ்டுக்கு முன்னாடி பவர் செட்டிங்கை பாருங்கன்னு கத்துறது இதுக்குத்தான்.

சரி, இலையை 8192 ஆக்கிட்டா? ஆக்கலாம், டிராப் குறையும், ஆனா கடைசி இலைக்காரருக்கு சாப்பாடு லேட்டாதான் வரும், அதாவது லேட்டன்சி ஏறும். எதையும் சும்மா கொடுக்க மாட்டாங்க.

அப்புறம் வரிசை. ஒரே ஆள் 14 கோடி பேருக்கு பரிமாற முடியாதுல்ல, அதனால கார்டே ஐபி அட்ரஸ், போர்ட் நம்பர் எல்லாம் வச்சு ஒரு ஹாஷ் போட்டு ஒவ்வொரு கனெக்ஷனையும் ஒவ்வொரு வரிசைக்கு அனுப்பும், வரிசைக்கு ஒரு கோர். ஆர்எஸ்எஸ்னு சொல்லுவாங்க. இதுல ஒரு வில்லங்கம் இருக்கு: ஒரே கனெக்ஷன்ல எவ்ளோ டேட்டா வந்தாலும் அது ஒரே வரிசைக்குத்தான் போகும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொத்தமா ஒரே வரிசைல உக்காந்துட்டா பக்கத்து வரிசை ஆளு காக்காவை விரட்டிட்டு நிப்பாரு. "32 கோர் சர்வர், ஆனா ஸ்பீட் வரல"ன்னு புலம்புற பாதி பேருக்கு இதான் பிரச்சினை. இன்னொன்னு, ரெண்டு சாக்கெட் சர்வர்ல கார்டு ஒரு சிபியு பக்கம் மாட்டியிருக்கும், பரிமாறுற கோர் இன்னொரு சிபியு பக்கம் இருக்கும், அதாவது பந்தி ஒரு தெருவுல சமையல்கட்டு அடுத்த தெருவுல, சாம்பார் வாளியை தூக்கிட்டு தெரு தாண்டி ஓடணும். நூமா பிரச்சினை. டிரைவரை குறை சொல்றதுக்கு முன்னாடி கார்டு எந்த நூமா நோட்ல இருக்குன்னு பாருங்க, சிஸ்எஃப்எஸ்ல (கெர்னல் தன்னோட விவரங்களை ஃபைலா காட்டுற இடம்) ஒரே ஒரு ஃபைல், ஒரு நம்பர், அவ்ளோதான்.

கடைசியா ஒன்னு. பரிமாறுறவருக்கும் ஷிஃப்ட் இருக்கு. வழக்கமா ஒரு ரவுண்டுக்கு 300 பாக்கெட், இல்லன்னா சில மில்லிசெகண்ட், எது முதல்ல வருதோ அதோட எந்திரிச்சிடணும், மத்த வேலைக்கும் சிபியு வேணும்ல. ஆள் இன்னும் உக்காந்திருக்காங்க, ஆனா ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு, அந்த கணக்குக்கு டைம் ஸ்குவீஸ்னு பேரு. சாஃப்ட்நெட் ஸ்டாட்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல மூணாவது நெடுவரிசை. ரெண்டாவது நெடுவரிசை டிராப். டெஸ்டுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை எடுத்து கழிச்சுப் பாருங்க.

[பந்தி படம் மறைகிறது]

போதும், எனக்கே பசிக்குது.

இப்ப மார்க்கெட்ல நடக்குற பெரிய ஏமாத்து. எல்லாரும் ஐபெர்ஃப்3ங்குற ஸ்பீட் டெஸ்ட் டூலை ஓட்டி "94 ஜிபிபிஎஸ் வந்துருச்சு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடுவாங்க. 94 ஏன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க: 1500 எம்டியுல (ஒரு பாக்கெட்டுக்குள்ள போகக்கூடிய அதிகபட்ச பைட்) ஹெடர் எல்லாம் போக 1448 பைட்தான் நம்ம டேட்டா, ஆனா ஒயர்ல போறது 1538. வகுத்தா 94.1 சதவீதம். 1ஜில 941 எம்பிபிஎஸ், 10ஜில 9.41, 100ஜில 94.1. இந்த நம்பரை பாத்தா லைன் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். நல்ல விஷயம்தான், ஆனா டிரைவர் கஷ்டப்பட்டுச்சான்னா, பெருசா இல்ல! டிஎஸ்ஓன்னு ஒரு வசதி இருக்கு, கெர்னல் 64 கேபி மொத்தமா ஒரே மூட்டையா கொடுக்கும், கார்டுதான் அதை 45 பாக்கெட்டா நறுக்கும். மூட்டை தூக்குனவனை பாத்து நறுக்குனவன்னு கைதட்டுறோம். அதுவும் ஐபெர்ஃப்3 ரொம்ப வருஷம் ஒரே த்ரெட்லதான் ஓடுச்சு, எத்தனை ஸ்ட்ரீம் போட்டாலும் ஒரே கோர், 2023 கடைசில வந்த 3.16லதான் ஸ்ட்ரீமுக்கு ஒரு த்ரெட் வந்துச்சு. பழைய வெர்ஷன்ல எடுத்த நம்பரை வச்சு டிரைவரை திட்டுனவங்க எல்லாம் கொஞ்சம் மன்னிப்பு கேளுங்க. நானும்தான்.

சின்ன பாக்கெட்டை அள்ளி வீசிப் பாத்தாதான் டிரைவர் யாருன்னு தெரியும். அதுக்கு கெர்னலுக்குள்ளயே பிகேடிஜென்னு பாக்கெட் வீசுற டூல் இருக்கு, இல்லன்னா டிரெக்ஸ்னு இன்னொன்னு. முறை என்னன்னா 1999ல வந்த ஆர்எஃப்சி 2544ங்குற டெஸ்ட் முறை ஆவணம்: 64ல இருந்து 1518 வரைக்கும் ஏழு சைஸ், ஒவ்வொன்னுக்கும் ஒரு பாக்கெட் கூட விழாம எவ்ளோ வேகம் தாங்குதுன்னு தேடணும், ஒரு ஓட்டம் குறைஞ்சது 60 செகண்ட். பத்து செகண்ட் ஓட்டிட்டு ரிசல்ட் போடுறது டெஸ்ட் இல்ல, டீசர்.

என்னோட அசிங்கம் ஒன்னு சொல்றேன். பழைய சர்வர் ரெண்டு வாங்கி 100ஜி கார்டு மாட்டி, நடுவுல காப்பர் கேபிள் போட்டு ஓட்டுனா அம்பது சொச்சத்துல நிக்குது. டிரைவர் மாத்துனேன், கெர்னல் மாத்துனேன், ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம் பூட் லாக்ல பாத்தா கெர்னல் முதல் நாள்ல இருந்தே கத்திட்டு இருக்கு, பிசிஐஇ, அதாவது கார்டு மாட்டுற ஸ்லாட்டோட பேண்ட்வித் 63.008 ஜிகாபிட்தான் இருக்குன்னு. ஸ்லாட் பாக்க நீளமா எக்ஸ்16, அதாவது 16 பாதை உள்ளது மாதிரி இருக்கு, உள்ள எக்ஸ்8க்குதான் ஒயரிங். பெரிய வாசல், உள்ள சந்து. லாக் படிக்காதவன் தலையெழுத்து.

சரி, வேகம் முடிஞ்சுது. ஸ்டெபிலிட்டிக்கு வருவோம், எனக்கு இதுதான் பிடிக்கும், ஏன்னா இது வேணும்னே வம்பிழுக்குற வேலை. டிராஃபிக் முழு வேகத்துல ஓடிட்டு இருக்கும்போதே லிங்கை டவுன் பண்ணி அப் பண்ணு, ரிங் சைஸை மாத்து, வரிசை எண்ணிக்கையை மாத்து, எம்டியுவை 9000 ஆக்கு, திரும்ப 1500 ஆக்கு, மாட்யூலை, அதாவது டிரைவர் கோடை கெர்னல்ல இருந்து கழட்டி மாட்டு, இதை ஸ்கிரிப்ட்ல போட்டு ஆயிரம் தடவை ஓட விட்டுட்டு போய் தூங்கு. காலைல லாக்ல "டிரான்ஸ்மிட் கியூ டைம்ட் அவுட்"னு கெர்னலோட காவல்நாய் நெட்டெவ் வாட்ச்டாக் குரைச்சிருந்தா, அனுப்புற வரிசை ஒன்னு சில செகண்டா அசையவே இல்லன்னு அர்த்தம். இதே ஸ்கிரிப்டை கேசான் (தப்பான மெமரி தொடுறதை பிடிக்கும்), லாக்டெப் (பூட்டு சிக்கலை பிடிக்கும்), கேமெம்லீக் (மெமரி ஒழுகலை பிடிக்கும்) எல்லாம் ஆன் பண்ண டிபக் கெர்னல்லயும் ஒரு தடவை ஓட்டணும், ஆனா அதுல ஸ்பீட் அளக்காதீங்க, நத்தை மாதிரிதான் போகும். கார்டு சூட்டையும் பாத்துக்கோங்க, சர்வர் கார்டுல சொந்த ஃபேன் இருக்காது, கேபினெட் காத்தை நம்பித்தான் பொழப்பு, டேபிள் மேல திறந்து வச்சு ஓட்டுனா வெந்துடும்.

நாள்பட்டாதான் வெளிய வர்ற பக்னு ஒரு ஜாதி இருக்கு. பைட் எண்ணுற கவுண்டர் 32 பிட்னா 429 கோடி பைட்ல சுத்தி சைபருக்கு வந்துடும், 1ஜி லைன்ல அதுக்கு 34 செகண்ட், 100ஜில 0.34 செகண்ட்! செகண்டுக்கு ஒரு தடவை கிராஃப் எடுத்தா நடுவுல ரெண்டு தடவை சுத்தி வந்திருக்கும், உங்களுக்கு தெரியவே தெரியாது. கெர்னலோட டைமர் கவுண்டர் ஜிஃபீஸும் அப்படித்தான், 32 பிட் மெஷின்ல அதுவும் 32 பிட், செகண்டுக்கு 1000 தடவை ஏறுனா 49.7 நாள்ல சுத்தும். 49 நாள் யாரு டெஸ்ட் பண்ணுவா? அதனால கெர்னல்காரங்க என்ன பண்ணாங்கன்னா, அந்த கவுண்டரை சைபர்ல இருந்து ஆரம்பிக்காம, சுத்துறதுக்கு சரியா அஞ்சு நிமிஷம் முன்னாடி இருந்து ஆரம்பிக்க விட்டுட்டாங்க. ஒவ்வொரு 32 பிட் லினக்ஸ் மெஷினும் பூட் ஆகி அஞ்சாவது நிமிஷம் அந்த கண்டத்தை தாண்டித்தான் வாழுது. டிரைவர்ல நேரக் கணக்கு தப்பா இருந்தா டீ குடிக்குற நேரத்துக்குள்ள மாட்டிக்கும். இந்த ஐடியாவுக்காகவே ஒரு லைக் போடுங்கப்பா, எனக்கு வேணாம், அவங்களுக்கு.

இப்ப கொலைகாரன்.

2008ல கிராஃபிக்ஸ் டிரைவர் மேல கூட சந்தேகம் போச்சு. உபுண்டு அந்த டெவலப்மென்ட் வெர்ஷன்ல இ1000இயை கொஞ்ச நாள் முடக்கியே வச்சாங்க. கார்டு மெமரில யாரும் எழுத முடியாதபடி பூட்டு போட பேட்ச் வந்துச்சு. கடைசில சிக்குனது எஃப்டிரேஸ். கெர்னலுக்குள்ள எந்த ஃபங்ஷன் எப்ப ஓடுதுன்னு பாக்குற டூல், நாம பர்ஃபார்மன்ஸ் அளக்கவே வச்சிருக்குற டூல்! அது ஒவ்வொரு ஃபங்ஷன் அட்ரஸையும் குறிச்சு வச்சுக்கிட்டு, அப்புறமா அங்க போய் கோடை திருத்தி எழுதும். மாட்யூல் ஸ்டார்ட் ஆன உடனே அதோட ஆரம்பக் கோடை கெர்னல் மெமரில இருந்து காலி பண்ணிடும், எஃப்டிரேஸுக்கு அது தெரியாது. காலியான அதே அட்ரஸுக்கு புதுசா குடி வந்தது யாரு தெரியுமா, இன்டெல் கார்டோட ஃபிளாஷ் மெமரி, ஆரம்பத்துல சொன்ன அதே ஜாதக மெமரி. பழைய அட்ரஸை நம்பி போன எஃப்டிரேஸ் அங்க எழுதுச்சு. கார்டு செத்துச்சு. 2.6.27 அக்டோபர்ல வந்த கையோட 2.6.27.1 வந்துச்சு, அந்த டைனமிக் எஃப்டிரேஸ் ஆப்ஷனை ஆஃப் பண்ண.

உங்க சர்வர் நம்பரை கமெண்ட்ல போடுங்க, பாக்கெட் சைஸ், எத்தனை செகண்ட் ஓட்டுனீங்க, ஸ்லாட் எக்ஸ் எத்தனை, மூணையும் சேத்து போடுங்க. வெறும் "94 வந்துச்சு ப்ரோ"ன்னு போட்டா ஹார்ட் கிடையாது.