கட்டி கண்ட நாளும் கத்தி வைத்த நாளும்

(பயிற்சி முடிக்கும் புற்றுநோய் மருத்துவர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சா, மருந்துச் சிகிச்சையா, எந்தப் பக்கம் போகலாம் என்று உங்களில் பலர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றும் நல்ல துறைகள். நான் நான்காவதாக ஒரு வழியைச் சொல்ல வந்திருக்கிறேன். ஏற்கெனவே கையில் இருக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ளும் வழி அது. அதில் பேரும் புகழும் சீக்கிரம் வராது. ஆனால் உயிர் காக்கும் வேலை அங்கே நிறையக் கிடக்கிறது.

அந்த வழியில் நடந்தவர் ஹரால்ட் ஃப்ரீமன். அமெரிக்கக் கறுப்பின அறுவை மருத்துவர். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் புற்றுநோய் அறுவை பயின்றவர். 1967-இல் அதே நகரத்தில் கறுப்பின ஏழைகள் அதிகம் வாழ்ந்த ஹார்லம் பகுதியின் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார். கட்டியை வெட்டி எடுத்துவிட்டால் குணமாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் போனார். அங்கே வந்த பெண்களில் பலருக்கு மார்பகக் கட்டி தோலைப் பிளந்து புண்ணாகியே இருந்தது. கத்திக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

அந்த மருத்துவமனையில் 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரின் கணக்கைப் பின்னர் அவர் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் நோய் முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில் வந்தவர்கள். நோயின் தொடக்கமான முதல் நிலையில் வந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 39 விழுக்காடு. பாதிப் பேருக்குக் காப்பீடு கிடையாது.

இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் நாம் வழக்கமாக என்ன செய்வோம்? கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், "நோயாளி தாமதமாக வந்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையில் கட்டிவிடுகிறதே! அவர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார், எந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார் என்று அதில் ஏதும் இல்லை.

ஃப்ரீமன் அந்த வரியோடு நிற்கவில்லை. 1979-இல் ஹார்லம் பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனைக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார். அப்புறம்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. பரிசோதனையில் சந்தேகம் என்று வந்தவர்களில் சிலர் பயாப்சிக்கு, அதாவது கட்டியிலிருந்து திசுவை எடுத்துச் சோதிப்பதற்கு, போய்ச் சேரவில்லை. கண்டுபிடிப்பதற்கும் குணப்படுத்துவதற்கும் நடுவே ஆட்கள் தொலைந்துபோனார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, 1989-இல், பல நகரங்களில் ஏழை நோயாளிகளையே பேசவைத்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். அடுத்த ஆண்டே ஹார்லமில் நோயாளிகளுக்கு வழிகாட்டிகளை நியமித்தார்.

இந்த வழிகாட்டியின் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மாமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) அறிக்கை சரியில்லை என்றால் உடனே அந்தப் பெண்ணோடு உட்காருகிறார். பயாப்சிக்குத் தேதி வாங்கித் தருகிறார். காப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்து நிரப்ப உதவுகிறார். அன்றைக்குக் குழந்தையை யாரிடம் விடுவீர்கள், வேலைக்கு லீவு கிடைக்குமா, எப்படி வருவீர்கள் என்று கேட்கிறார். வரவில்லை என்றால் போன் செய்கிறார். முடிவு தெரிந்து சிகிச்சை தொடங்கும்வரை கூடவே வருகிறார். இதில் எது மருத்துவம், எது மருத்துவம் இல்லை என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 325 பேரில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 70 விழுக்காடு. மூன்றாம், நான்காம் நிலையில் வந்தவர்கள் 21 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். இது முழுக்க வழிகாட்டிகளால் வந்தது என்று சொன்னால் தப்பு. பரிசோதனை மையம் இருந்தது, மருந்துகளும் மேம்பட்டிருந்தன, சீக்கிரம் கண்டுபிடித்தாலே, எண்ணத் தொடங்கும் நாள் முன்னே போய்விடுவதால், ஐந்தாண்டுக் கணக்கு கொஞ்சம் கூடித் தெரியும். இதையெல்லாம் கழித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதனால்தான் இந்த வழிக்கு வருபவர்கள் புள்ளியியலையும், நோய் யாருக்கு எப்படி வருகிறது என்று மக்கள் கூட்டத்தில் கணக்கிடும் கொள்ளைநோயியலையும் ஒழுங்காகப் படியுங்கள் என்கிறேன். நல்ல மனசு மட்டும் இருந்து கணக்குத் தெரியாவிட்டால், வேலை செய்யாத திட்டத்தையும் பல வருஷம் கட்டிக்கொண்டு அழுவோம்.

கறாரான ஆய்வுகளும் இந்தத் துறையில் வந்துவிட்டன. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் ஈத்தன் பாஷும் சகாக்களும் முற்றிய புற்றுநோய் உள்ள 766 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற தங்கள் தொந்தரவுகளைக் கணினி வழியே தாங்களே பதிவுசெய்தார்கள். நிலைமை மோசமானால் செவிலியருக்கு உடனே தகவல் போனது. 2017-இல் வந்த முடிவில் அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம், 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். புது மருந்து ஒன்று ஐந்து மாதம் கூட்டித் தந்திருந்தால் மாநாடு போட்டுக் கொண்டாடியிருப்போம். இங்கே கூட்டியது, கேட்க வேண்டியதைக் கேட்டு, கேட்டதும் செயல்பட்டதுதான். தாமதத்துக்கும் விலை உண்டு. பல வகைப் புற்றுநோய்களின் ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் வெளியான கட்டுரைப்படி, அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது.

இந்த வழியின் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வுக் குழுக்களுக்கு இந்த வேலை சட்டென்று புரியாது. காத்திருப்பு நாளைக் குறைத்தேன் என்றால், "அது நிர்வாகம் பார்க்க வேண்டியதுதானே" என்பார்கள். அதற்காக நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு முழுநேர நிர்வாகியாகிவிடாதீர்கள். ஃப்ரீமன் அறுவை மருத்துவராக இருந்துகொண்டேதான் இதைச் செய்தார். புறநோயாளிப் பிரிவில் உட்காராதவருக்கு எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. பதிவு கவுன்டரில் இருப்பவரிடமும் போய் உட்காருங்கள். அவருக்குத் தெரிந்த பாதி விஷயம் நமக்குத் தெரியாது.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். உங்கள் துறையில் பத்து கேஸ் ஷீட்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு தேதிகளைத் தேடி எழுதுங்கள்: கட்டியை நோயாளி கவனித்த நாள், முதன்முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்த நாள், பயாப்சி முடிவு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள். சிலவற்றில் முதல் தேதி இருக்கவே இருக்காது. அந்த நோயாளியிடம் போய்க் கேளுங்கள். எந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அதிக நாள் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தாளைத் துறைத் தலைவரிடம் காட்டி, அந்த ஒரு இடைவெளியைக் குறைக்க ஆறு மாத அவகாசமும் உதவிக்கு ஒரு ஆளும் கேளுங்கள்.