கடவிலிருந்து கடவுக்கு: கேரளத்து யூதர்களின் ஊர்களில்

(கோவையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

முதல் தடவை நான் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போனது ஒரு சனிக்கிழமை. அங்கே யூதர்கள் வழிபடும் பரதேசி ஜெப ஆலயத்தின் கதவு சாத்தியிருந்தது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் டிக்கெட் எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் முழுக்கக் கையில் இருந்தது. பக்கத்துச் சந்துகளில் நடக்க ஆரம்பித்தேன்.

அப்படி நடந்தபோதுதான் ஒரு சின்னக் கல்லறையின் முன்னால் போய் நின்றேன். நெகேமியா மோத்தா என்ற யூதக் கவிஞருடையது. 1615இல் இறந்தவர். யூதர்கள் மட்டுமில்லாமல் சுற்றுவட்டாரத்து இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாருமே அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். அவர் எழுதிய பாடல்கள் கொச்சி யூதர்களின் வழிபாட்டில் இடம்பெற்றன. நான் போன அன்று அங்கே வேறு யாரும் இல்லை. ஜெப ஆலயம் திறந்திருந்தால் அதை மட்டும் பார்த்துவிட்டு, பழம்பொருள் கடைகளில் இரண்டு பித்தளைச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். பலரும் அப்படித்தான் திரும்புகிறார்கள். அது போதாது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கேரளத்தில் யூதர்களுக்கு 8 ஜெப ஆலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, வடக்கன் பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. நம் நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் இல்லை, இது பெரியாற்றங்கரையில் உள்ளது. இந்த எட்டில் ஒன்றே ஒன்றுதான் பரதேசி யூதர்களுடையது. மற்ற ஏழும் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து வேரூன்றிய மலபார் யூதர்களுடையவை. சுற்றுலாப் பேருந்து போய் நிற்பது அந்த ஒன்றின் வாசலில்.

பரதேசி என்ற சொல் நம் காதில் வேறு மாதிரி விழும். அங்கே அதற்கு வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட பிறகு பல வழிகளில் வந்து சேர்ந்தவர்களும், வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களும் சேர்ந்த சமூகம் அது.

இவர்களெல்லாம் ஏன் இந்தக் கரைக்கு வந்தார்கள்? மிளகுக்காக. பொன்னோடு வந்த மரக்கலங்கள் மிளகோடு திரும்பிய முசிறியைச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறோம். அந்த முசிறி இருந்த வட்டாரம்தான் கொடுங்கல்லூர். யூதர்களின் பழைய ஊரும் அதுதான். அவர்கள் அதை ஷிங்கிலி என்றார்கள். 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. பழைய துறைமுகம் மண் மூடியது, தெற்கே கொச்சியின் வாய் திறந்தது. வணிகம் நகர்ந்தது, மெல்ல மக்களும் நகர்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் கெடுபிடியும் சேர்ந்துகொள்ள, மிச்சம் இருந்தவர்களும் கொடுங்கல்லூரை விட்டார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

மட்டாஞ்சேரியிலும் சரி, எறணாகுளத்திலும் சரி, இரண்டு ஜெப ஆலயங்களுக்கு ஒரே பெயர்கள். ஒன்று கடவும்பாகம், மற்றொன்று தெக்கும்பாகம். கடவு என்றால் மலையாளத்தில் படகுத்துறை. துறையை ஒட்டிய பகுதி, தெற்குப் பகுதி, அவ்வளவுதான் பொருள். இவர்கள் நீர்வழியில் வந்தவர்கள், நீர்வழியில் பிழைத்தவர்கள். அதனால் இவர்கள் ஊர்களைக் கார் கண்ணாடி வழியாகப் பார்க்காதீர்கள் என்பேன். படகில் போங்கள், மிச்சத்தை நடந்து முடியுங்கள்.

கிளம்பும் முன் ஒரு செப்பேட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சுமார் கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர இரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது. வட்டெழுத்தில் இருக்கிறது. செப்பேட்டில் அவர் பெயர் ஈசுப்பு இரப்பான். 72 உரிமைகள் அதில் வழங்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று அந்தச் சொற்களை வாசிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. பாவாடை என்பது இங்கே உடுத்துவது இல்லை, நடந்து வரும் வழியில் விரிக்கும் துணி. எங்கிருந்தோ வந்த ஒருவருக்குச் சேர மன்னர் கொடுத்த மரியாதையை அகராதியின் துணை பெரிதாக இல்லாமலே நம்மால் வாசிக்க முடிகிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இல்லாத ஒரு வாசல் நமக்கு இருக்கிறது.

சரி, பயணத்துக்கு வருவோம். இங்கிருந்து காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் எறணாகுளம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். எறணாகுளத்திலிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி போய், அங்கிருந்து மட்டாஞ்சேரி வரை கடைத்தெரு வழியாக நடக்கலாம். வழி நெடுக மசாலா கிடங்குகள். சுக்கும் மிளகும் மணக்கும்.

பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டியது. மணிக்கூண்டு 1760இல் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நம் கோயில்களைப் போலவே. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. மெதுவாகக் குனிந்து பாருங்கள், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. 1968இல் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால் தலையும் வெளியானது. இன்று அங்கே மிஞ்சியிருக்கும் பரதேசி யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கூட்டுப் பிரார்த்தனைக்கு 10 ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. அந்தப் பத்துப் பேர் இப்போது உள்ளூரில் இல்லை.

அந்த அழகிய கட்டடத்துக்குள் ஒரு வருத்தமான வரலாறும் உண்டு. பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே சமமாக உட்கார முடியாது. வாசல் பக்கம் தரையில்தான் இடம். அந்தப் பிரிவில் 1882இல் பிறந்த ஏ. பி. சேலம் வழக்கறிஞரானார், காந்தியின் வழியில் போனார், தன் சொந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். யூத காந்தி என்று அவரைச் சொல்வதுண்டு. தடைகள் ஒவ்வொன்றாக விலகின. ஓடுகளைப் பார்க்கிறவர்கள் அந்த வாசலையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். சாதி தெரிந்த நமக்கு அது புரியாமல் போகாது.

மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. வெறும் சுவராக நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்தது. எறணாகுளம் சந்தைக்குள் இருக்கும் கடவும்பாகத்துக்குப் பல ஆண்டுகளாகப் பூச்செடிகளையும் மீன் தொட்டிகளையும் கடந்துதான் போக வேண்டியிருந்தது. செடிக்கடையின் ஈர மண் வாசனையோடு உள்ளே நுழைந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாளைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். வடக்கன் பறவூரிலும் கோட்டப்புரத்திலும் முசிறி பாரம்பரியத் திட்டத்தின் படகுத்துறைகள் இருக்கின்றன. துறைக்குத் துறை இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம். சீன வலைகள், இறால் வளர்க்கும் கட்டுகள், தென்னைக்கு நடுவில் ஒரு தேவாலயம், மறுகரையில் ஒரு கோயில் என்று கரை நகர்ந்துகொண்டே இருக்கும். துடுப்புப் போடத் தெம்புள்ளவர்கள் கோட்டப்புரத்தில் கயாக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பறவூர் ஜெப ஆலயத்துக்கு நான் இரண்டு மணி நேரம் கொடுத்தேன், அதுவும் போதவில்லை. தெருவை ஒட்டிப் படிப்புரை என்ற வாசல் கட்டடம், அப்புறம் தூண்கள் வைத்த நீண்ட நடை, முற்றம், கடைசியில் வழிபாட்டுக் கூடம். கேரளத்துப் பெரிய வீட்டுக்குள் போவது போலவே இருக்கும். மேலே மாடியில் இன்னொரு வாசிப்பு மேடை, அதன் பின்னால் பெண்களுக்கான இடம். மாடியில் இரண்டாவது மேடை வைப்பது கேரளத்து யூதர்களின் தனி வழக்கம். பண்டிகை நாளில் வேதச்சுருளை அங்கிருந்து வாசிக்கும்போது பெண்கள் வெகு அருகில் இருந்து கேட்பார்கள். அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, கல்யாணங்களில் சேர்ந்து பாடியவர்கள். இன்னொன்று, கொச்சி யூதர்களின் தலைவருக்கு வழங்கிய பட்டம் முதலியார். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மாளா கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 1955இல் அந்த ஊர் யூதர்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது, ஜெப ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பாதுகாக்கச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் சில கல்லறைகள்தான் மிச்சம். நிலத்தின் ஒரு பகுதி விளையாட்டு மைதானமாகிவிட்டது. நம்பிக் கொடுத்ததை இப்படியா வைத்துக்கொள்வது என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நாலு பேர் தேடிவந்து பார்த்தால் மிச்சமாவது பிழைக்கும்.

சேந்தமங்கலத்தைக் கடைசி மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டயில் கோவிலகம் என்ற சிறு குன்று, பழைய யூதக் கல்லறைகள், கோயில், மசூதி, தேவாலயம் எல்லாமே நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கைத்தறிக்குப் பேர்போன ஊர். 2018 வெள்ளத்தில் தறிகள் மூழ்கி எழுந்த நெசவாளர்களிடம் ஒரு முண்டு வாங்குங்கள். பறவூரிலும் இங்கேயும் ஜெப ஆலயங்கள் இப்போது அருங்காட்சியகங்கள். அவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஜெப ஆலயத்தின் முன்னால் ஒரு கல் நிற்கிறது. சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல், ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்று இதைச் சொல்கிறார்கள். இஸ்ரயேலின் மகள் சாரா என்பதைத் தவிர அவரைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. என்னோடு வந்த ஆட்டோ ஓட்டுநர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதில் எது சாரா என்ற பெயர்?” என்று கேட்டார். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

வந்ததும் எபிரேய எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மொத்தமே 22தான். வரும் ஜனவரியில் மறுபடி போகிறேன். சேர்ந்து வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். சனிக்கிழமை வராதபடி தேதி பார்த்துக்கொள்ளலாம்.