பத்து நிமிடத் தண்டனை

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ரீசேட் கடைக்குப் போனால் கறுப்புத் துணியில் வெள்ளை மண்டையோடு ஒன்று தொங்கும். பற்கள் மட்டும் நீளநீளமாக நெஞ்சுவரை இறங்கியிருக்கும். ஓட்டோக்களின் பின்கண்ணாடியிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். போட்டிருக்கிற பொடியனைக் கேட்டால், "சும்மா ஸ்டைலுக்கு அண்ணை" என்பான். அது பனிஷர் என்ற அமெரிக்கச் சித்திரக்கதை ஆளின் சின்னம். இன்றைக்கு அந்த ஆளை வைத்து எடுத்த ஒரு குறும்படத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1974 இல் ஸ்பைடர்மேன் சித்திரக்கதையின் 129 ஆவது இதழில், நாயகனைக் கொல்ல வந்த எதிராளியாகத்தான் அவன் அறிமுகமானான். பெயர் ஃபிராங் காசில், வியட்நாம் போருக்குப் போய் வந்தவன். பாதாளக் கும்பலின் சூட்டில் மனைவியும் பிள்ளைகளும் செத்துப்போக, குற்றவாளிகளைத் தேடித்தேடிக் கொல்லத் தொடங்குகிறான். இவனை வைத்து 1989, 2004, 2008 ஆம் ஆண்டுகளில் மூன்று முழுநீளப் படங்கள் வந்தன. 2017 முதல் 2019 வரை தொலைக்காட்சித் தொடரும் வந்தது. ஆனால் இவனை எனக்குச் சரியாக விளங்கவைத்தது 2012 இல் வந்த பத்து நிமிடப் படம்தான். பெயர் ‘டேர்ட்டி லோன்ட்ரி’. 2004 படத்தில் நடித்த தொமஸ் ஜேனே இதிலும் நடித்தார். கதையின் உரிமைக்காரர்கள் எடுத்த படமல்ல, விசிறிப் படம் என்ற கணக்கில் இணையத்தில் இலவசமாகவே விட்டார்கள்.

கதை இவ்வளவுதான். உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்றுக்கு ஒருவன் ஊத்தை உடுப்போடு வருகிறான். வெளியே தெருவில் ஒரு கும்பல் பெண்ணொருத்தியைப் போட்டு அடிக்கிறது. சின்னப் பொடியன் ஒருவனையும் மிரட்டுகிறது. இவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்து, எதிரே உள்ள கடைக்குச் சொக்லேட் பால் வாங்கப் போகிறான். கடைக்காரர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒருகாலத்தில் இதே தெருவில் எழும்பி நின்று தட்டிக் கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது. அவர் தன் கதையைச் சொல்லி முடிக்க, இவன் ஒரு விஸ்கிப் போத்தலோடு வெளியே போகிறான்.

படத்தின் முழுப் பலமும் அந்தச் சொக்லேட் பாலில் இருக்கிறது என்று சொல்வேன். அடிபடுகிறவளைப் பார்த்த பிறகும் ஒருவன் பால் வாங்கப் போகிறான் என்றால் நமக்குக் கோபம் வரும். இவன் ஏன் சும்மா போகிறான் என்று நாம்தான் பதைக்கிறோம். அவன் கை ஓங்கும்போது அதை ஓங்கச் சொன்னவர்கள் நாங்களாகி விடுகிறோம். முழுநீளப் படங்களால் இதைச் செய்ய முடியவில்லை. அங்கே குடும்பம் சாகிற காட்சி, கல்லறை, கண்ணீர் என்று ஒரு மணித்தியாலம் காரணம் சொல்லி, அப்புறம்தான் துவக்கை எடுப்பார்கள். இங்கே அவனுடைய மனைவி பிள்ளைகள் பற்றி விளக்கமே கிடையாது. அவன் பெயரைக்கூடக் கடைசிவரை ஒளித்து வைக்கிறார்கள்.

அடிதடியும் அப்படித்தான். பறந்து பறந்து அடிப்பதில்லை. போத்தலால் முழங்காலில் ஒரு அடி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. அதைப் பார்த்துக் கைதட்ட வராது, வயிறுதான் பிரட்டும். வன்முறையைக் காட்டுவதென்றால் இப்படிக் காட்டுவதுதான் நேர்மை என்பது என் எண்ணம். எங்கள் தமிழ்ப் படங்களில் நாயகன் நூறு பேரை அடித்தாலும் ஒருவனுக்கும் கால் முறிந்து கிடப்பதில்லையே!

சரி, பலவீனத்துக்கு வருவோம். சின்னச் சின்னக் குறைகள் உண்டு. அடிவாங்குகிற பெண் கடைசிவரை அடிவாங்குகிறவள்தான், அவளுக்கென்று கதை இல்லை. கும்பல் தலைவன் கறுப்பர், காப்பாற்ற வருகிறவன் வெள்ளையன் என்பதும் அமெரிக்காவில் பழகிப் புளித்த கதை. அவற்றை விடுங்கள். பெரிய பிழை முடிவில் இருக்கிறது. கும்பல் தலைவன் மேல் விஸ்கியை ஊற்றிவிட்டு, கொளுத்துகிற வேலையை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு அவன் போய்விடுகிறான். மறந்துபோன மண்டையோட்டுச் சட்டையைப் பொடியன் எடுத்துக்கொண்டு ஓடிவர, நீயே வைத்துக்கொள் என்கிறான். படம் இதைப் பரிசு போலக் காட்டுகிறது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. நாளைக்குக் கும்பலின் மிச்ச ஆட்கள் அந்தத் தெருவுக்கு வருவார்கள். நாயகன் இருக்கமாட்டான். பொடியன் இருப்பான், அந்தச் சட்டையோடு.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் படிப்பறிவு தேவையில்லை. 1980களில் வடக்கில் விளக்குக் கம்பங்களில் ஆட்களைக் கட்டிச் சுட்டதை அந்தத் தலைமுறை கண்டது. கழுத்தில் அட்டை தொங்கும், சமூக விரோதி என்றோ துரோகி என்றோ எழுதியிருக்கும். அந்த அட்டைதான் வழக்கு, அதுதான் தீர்ப்பு. சுட்டவர்கள் போய்விடுவார்கள். செத்தவனின் தாயும் தங்கைச்சியும் அதே ஒழுங்கையால்தான் பிறகும் கடைக்குப் போய்வர வேண்டும். களவெடுத்தவனுக்கு அது வேணும் என்று சொன்ன சனமும் அங்கே இருந்தது, இல்லையென்று மறைக்க முடியாது. இன்றைக்கும் கசிப்பு, மணல் கடத்தல், வாள்வெட்டு என்று வரும்போது, "பொலிசுக்குச் சொல்லி என்ன, இவங்களுக்கு ஒருத்தன் வரவேணும்" என்று கதைக்கிறோம். அந்தக் கதைக்குப் பின்னால் உள்ள இயலாமை பொய்யல்ல. படம் அந்த இயலாமையை நன்றாகத் தொடுகிறது. ஆனால் வந்தவன் போன பிறகு என்ன என்பதைப் பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கொள்கிறது.

அந்தச் சின்னத்துக்கு நடந்ததும் இதே கதைதான். ஈராக்குக்குப் போன அமெரிக்கப் படையினர் சிலர் அதைத் தங்கள் உடைகளிலும் வாகனங்களிலும் வரைந்தார்கள். பிறகு பொலிஸ்காரர்கள் காரில் ஒட்டினார்கள். 2019 இல் சித்திரக்கதைக்காரர்களே ஒரு காட்சி வைத்தார்கள். பொலிஸ் காரில் இருந்த தன் சின்னத்தைக் கண்ட பனிஷர் அதைக் கிழித்தெறிகிறான். அவனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெரி கொன்வே, சட்டம் தோற்றுப்போனதைக் காட்டுகிற ஒருவனைச் சட்டத்தின் காவலர்கள் தூக்கிப் பிடிப்பது பிழை என்று வெளிப்படையாகவே சொன்னார். கேட்டவர்கள் குறைவு. 2021 ஜனவரி 6 இல் வொஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் அந்த மண்டையோடு இருந்தது.

இங்கே எங்களுக்கு வேறொரு மண்டையோடு தெரியும். முகமாலையில் ஏ9 வீதிக்கரையோரம் பல வருசமாக நின்ற சிவப்புப் பலகை, மிதிவெடி, உள்ளே போகாதே என்று சொன்ன பலகை. அது யாரையும் வீரனாக்கவில்லை, மாட்டுக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளைத்தான் தடுத்தது. ரீசேட்டைக் கழற்றச் சொல்லி நான் எந்தப் பொடியனிடமும் கேட்கப் போவதில்லை. அது யாருடைய சட்டை, அவன் என்ன செய்தான் என்று தெரிந்துகொண்டு போடட்டும்.

என்னைக் கேட்டால், அந்தப் படத்தின் உண்மையான ஆள் கடைக்காரர்தான். ரொன் பேர்ள்மன் என்ற நடிகர், சில நிமிடம்தான் வருகிறார். ஒருமுறை தட்டிக் கேட்டு நடக்க முடியாமல் போன மனிதர், அதே தெருவிலேயே கடையைத் திறந்து வைத்திருக்கிறார். வன்னியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி சின்னக் கடை நடத்துகிறவர்களிடம் சாமான் வாங்கிய எவருக்கும் அந்த முகம் புதிதாக இருக்காது. ஒவ்வொரு நாளும் அந்தக் கும்பலின் முகத்தில் விழித்து, அவர்களுக்கே சிகரெட்டும் விற்று எப்படிச் சீவிக்கிறார்? அதை யாராவது எடுத்தால் இரண்டு மணித்தியாலம் இருந்து பார்ப்பேன்.

இந்தப் பத்து நிமிடத்தையும் பாருங்கள், ஆனால் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி வேண்டாம். பார்த்த வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அடுத்த நாள் அந்தத் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வணக்கம்.